வெடிக்காத பதினோரு குண்டுகள்

"நான் கால் வெச்ச இடத்துலயே கால் வைங்க மேடம். ஒரு சாண்கூட விலக வேணாம்."

முன்னால் போன சிப்பாய் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். பின்னால் வந்த நில அளவைப் பெண், "சரிண்ணே" என்றாள். தோளில் பை, கையில் வரைபடம். அவருடைய பூட்ஸ் பதிந்த தடத்தைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள்.

முப்பது வருடம் பீரங்கிப் பயிற்சி நடந்த மைதானம் அது. ராணுவம் வேறு இடத்துக்குப் போனபின் 'உபரி நிலம்' என்று காகிதத்தில் ஏறியிருந்தது. வேலியில் மட்டும் 'வெடிக்காத குண்டுகள், நுழையாதீர்' என்ற பலகை இன்னும் தொங்கியது. காவலுக்கு இந்த ஒரு சிப்பாய்தான். அடுத்த மாதம் அவருக்கும் ஓய்வு. அறுநூறு வீடுகள் கட்ட இந்த இடம் ஏற்றதா இல்லையா என்று இன்று மாலைக்குள் அவள் எழுதித் தர வேண்டும்.

"இங்க சுத்திப் போகணும் மேடம். அந்தப் புல்லுக்குப் பக்கத்துல ஒண்ணு கிடக்கு."

"பெருசாண்ணே?"

"அளவு பெருசில்ல. மிதிச்சா போச்சு."

அவள் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, பக்கத்தில் ஒன்று என எழுதிக்கொண்டாள். தலைக்கு மேலே ஆள்காட்டிக் குருவி ஒன்று விடாமல் கத்திக்கொண்டு வட்டமடித்தது.

"நம்மள விரட்டுதா?"

"அதுக்கு வாய் ஜாஸ்தி. எங்க வீட்டுக்காரி மாதிரிதான். கண்டுக்காம வாங்க."

அவள் சிரித்துவிட்டாள். அப்போதுதான் அவருடைய இடது கையைக் கவனித்தாள். இரண்டு விரல்கள் இல்லை.

"இங்கயே போச்சாண்ணே?"

"ஆமா. குண்டு எடுக்கிற பிரிவுல இருந்தேன். ஒருநாள் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்." அவர் நடந்துகொண்டே பேசினார். "ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம். திரும்பி வந்து பாக்கறேன், குண்டு விழுந்த பள்ளத்துல மழைத்தண்ணி தேங்கி நிக்குது. ஒரு முயல் குட்டிங்களோட வந்து குடிக்குது. நாம கிழிச்சுப் போட்ட மண்ணு மேடம் இது. அதுங்க பாட்டுக்கு வந்து குடித்தனம் பண்ணுதுங்க. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு."

அவர் வளைந்த இடத்தில் அவளும் வளைந்தாள், நின்ற இடத்தில் நின்றாள். முக்கால் மணியில் கடக்க வேண்டிய மைதானத்தைக் கடக்க மூன்று மணி நேரம் ஆனது. சிவப்புப் புள்ளிகள் பதினொன்று ஆகியிருந்தன.

காவல் அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதை அவளுக்குத் தூசி தட்டிப் போட்டுவிட்டு, அவர் டீ போட்டுக் கொடுத்தார். அவள் எழுதுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை குண்டு கிடக்கிற இடத்துல யாரும் வீடு கட்ட முடியாதுன்னு எழுதிடுவீங்கதானே மேடம்?"

அவள் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"இந்த நிலத்தில் வெடிகுண்டு எதுவும் இல்லை."

அவருடைய முகம் சுண்டிப்போனது.

"அடுத்த வரியையும் படிங்கண்ணே."

"வரைபடத்தில் குறித்துள்ள பதினோரு இடங்களில் பறவைகள் தரையில் முட்டையிட்டு அடைகாக்கின்றன. எனவே வீடு கட்ட அனுமதிக்காமல், முழு நிலத்தையும் காட்டுயிர்க் காப்பிடமாக அறிவிக்கப் பரிந்துரைக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகத் துடைத்த பிறகும் உடனே மாட்டிக்கொள்ளவில்லை.

"எப்படிம்மா தெரிஞ்சுது?" மேடம் போய் அம்மா வந்திருந்தது.

"கடைசிக் குண்டையும் எடுத்தாச்சுன்னு நாலு வருஷத்துக்கு முன்னாடியே குடுத்த சான்றிதழ் என் ஃபைல்ல இருக்கு. அதுல உங்க கையெழுத்துதான் இருக்கு. படிச்சிட்டுத்தான் கிளம்பி வந்தேன். நீங்க எதைச் சுத்திப் போறீங்கன்னு அந்தக் குருவி போட்ட சத்தத்துலயே புரிஞ்சுபோச்சு."

"குண்டு இல்லைன்னு தெரிஞ்சும், மூணு மணி நேரம் எதுக்கும்மா என் தடத்துலயே நடந்து வந்தீங்க?"

"முட்டை மேல கால் பட்டுடக் கூடாதேன்னுதான்ணே."