குளம்புத் தடம்

காட்டெருமையின் குளம்புத் தடங்களைப் பார்த்தபடியே தபித்தாள் சரிவில் இறங்குகிறாள். அது தண்ணீருக்குத்தான் போயிருக்கும். மேலே, தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த உமாமகேஸ்வரி மயங்கிச் சாய்ந்துவிட்டாள். வாயும் வயிறுமாக இருப்பவள். கேன் தண்ணீரைக் குரங்கு கொட்டிவிட்டது. தடங்கள் ஈரமாகி, ஒவ்வொன்றிலும் வெயில் மினுங்குகிறது. புதருக்கடியில் ஊற்று. குனிந்த பிறகுதான் வெறுங்கையோடு ஓடிவந்தது உறைக்கிறது. “அக்கா, வெரசா வாங்க! கண்ணே தொறக்க மாட்டேங்குது!” மேலிருந்து, கூடப் பறிக்கும் ரேகா கத்துகிறாள். இடுப்பில் கட்டிய மஞ்சள் பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து, செடிக்கு அடித்த மருந்தின் வாடை போக இரண்டு முறை அலசி, குழித்துப் பிடித்து மொண்டு, நாலு முனையையும் சேர்த்துத் தூக்குகிறாள். ஏற ஏறக் கிழிசல் வழியே சொட்டுகிறது. ஓடினால் சிந்துகிறது, நின்றால் ஒழுகுகிறது. போய்ச் சேரும்போது பாதிதான் மிச்சம். முகத்தில் தெளித்ததும் உமாமகேஸ்வரி கண் விழித்து, தாளின் ஓரத்தில் வாய் வைத்து மடக்மடக்கென்று குடிக்கிறாள். அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கும்போதுதான் தபித்தாளுக்குத் தன் நாக்கு ஒட்டிக்கிடப்பது தெரிகிறது. ஊற்றங்கரையில் நின்றும் ஒரு வாய் குடிக்கவில்லை. உமாமகேஸ்வரி பாதியில் நிறுத்தித் தாளை நீட்டுகிறாள். “நீங்க, அக்கா?” தபித்தாள் அதைத் திருப்பி அவள் வாயருகே தள்ளுகிறாள். “நான் அங்கயே குடிச்சுட்டேன், புள்ள.”