ஐம்பதுக்கு மேல்

"ஐம்பதே ஐம்பது பேர்தான், சார். ஒருத்தி கூடுதலா இருந்தா என் பேரை மாத்திக் கூப்பிடுங்கோ!"

செங்கல்பட்டுக் கடலை மில்லின் மேனேஜர் பட்டாபிராமன், பட்டணத்திலிருந்து வந்திருந்த ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் அருணகிரியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

தொழிற்சாலைச் சட்டம் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால், அவர்களுடைய ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை கட்ட வேண்டும். பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை வைக்க வேண்டும். பாலும் தர வேண்டும். மாம்பலத்தில் இருக்கும் முதலாளி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஐம்பத்தோராவது பொம்பளை உள்ளே வந்தா, நீர் வெளியே போயிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

அன்று முதல் ஒருத்தி வேலையை விட்டு நின்றால்தான் இன்னொருத்திக்கு வேலை. பட்டாபி அதில் ரொம்பக் கறார்.

"சுந்தரவல்லி! சாருக்குக் காப்பி கொண்டா" என்று அவர் குரல் கொடுத்ததும், தராசுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள் ஒரு மடிசார் மாமி.

"நம்ம ஆத்துக்காரி, சார்" என்று சிரித்தார் பட்டாபி.

காப்பி குடித்த தெம்போடு இன்ஸ்பெக்டர் எண்ணத் தொடங்கினார். வரிசையாக உட்கார்ந்து கல்லும் சொத்தையும் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கினார்கள். ஐம்பதுதான்.

வெளியே, வண்டிகள் நிற்கும் முற்றத்துப் புளியமரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கின. நடக்கத் தெரிந்த குழந்தைகள் மாட்டுக் காலுக்கு நடுவே புழுதியில் விளையாடிக்கொண்டிருந்தன.

"குழந்தைகளை இங்கேதான் விடறீங்களா?" என்று உள்ளே திரும்பிக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இன்னா செய்யறது, சாமி?" என்றாள் கடைசி வரிசையில் இருந்த கன்னியம்மா. "பொங்கலு கயிஞ்சி, வண்டி மாடு ஒண்ணு மெரண்டு எங் கொயந்தை தூளிக்கே வந்துட்ச்சி. மேனேஜர் அய்யருக்குச் சோறு எடுத்தாந்த இந்த அம்மாதான் ஓடிப்போயி வாரிக்கினாங்கோ. இல்லாங்காட்டி…"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் சாமி, அம்பது பேருக்கு உள்ள இருந்தா எங்க கொயந்தைங்களை மாடு முட்டாதா?"

இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "சட்டத்துல கணக்கு போட்டிருக்கும்மா. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லை."

பட்டாபிக்கும் சுருக்கென்றது. அவரும் ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர்தான். மாடு மிரண்ட அன்று சாயங்காலம் சுந்தரவல்லி கூட, "ஒரு அறை கட்டினா என்னன்னா?" என்று கேட்டாள். ஊஞ்சலில் உட்கார்ந்து, கதாகாலட்சேபம் மாதிரி அவளுக்குச் சட்டத்தை விளக்கி வாயை அடைக்க வேண்டியதாயிற்று. இந்த வயதில் வேலை போனால் எவன் கூப்பிட்டு வைத்துக்கொள்வான்?

"சரி, நான் கிளம்பறேன். சாயங்காலத்துக்குள்ள கோவளம் உப்பளத்தைப் பார்க்கணும்" என்று இன்ஸ்பெக்டர் பையை மூடினார். பட்டாபிக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு தராசுக்குப் போனாள். சுந்தரவல்லி படிக்கல்லை வைத்து எடை பார்த்து, உரக்கச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் நின்றார். "இவங்க?"

"சொன்னேனே, சார். என் ஆம்படையா."

"அது சரி, தராசுல என்ன செய்யறாங்க?"

"எடை போட்டவன் நின்னுட்டான், சார். இவளும் ஆத்துல பொழுது போகலேன்னா. நம்ம மனுஷாளாச்சேன்னு…"

"சம்பளம் உண்டா?"

பட்டாபி இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், "மாசம் இருபது ரூபாய். தை மாசத்துலேருந்து வாங்கறேன்" என்றாள் சுந்தரவல்லி.

"அப்ப ஐம்பத்தொண்ணு, மேனேஜர்."

"சார், சார்! இவளைப் போய் அந்தக் கணக்குல சேர்க்கலாமா? என் ஆம்படையா, சார்!"

"உங்களுக்கு ஆம்படையா. சட்டத்துக்குத் தொழிலாளி" என்றார் அருணகிரி. முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு தெரிந்தது. "முதலாளிக்கு நோட்டீஸ் வரும். அறைக்கு இடம் பாருங்க. இதைச் சாக்கு வெச்சு யாரை வேலையை விட்டு நிறுத்தினாலும், அது நீங்களாவே இருந்தாலும், அவர் எனக்குப் பதில் சொல்லணும்."

ஜீப் போனதும் பட்டாபி ஒரு கடலை மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அசடு, அசடு! அவர் போற வரைக்கும் தராசைத் தொடாம இருக்கப்படாதோ? சம்பளத்தை வேற சொல்லணுமா? உலகம் தெரியாதவளை உள்ளே விட்டது என் தப்பு!"

சுந்தரவல்லி புளியமரத்தடிக்குப் போனாள். தூளியில் சிணுங்கிக்கொண்டிருந்த கன்னியம்மாவின் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாம என்னன்னா? ஐம்பதுக்கு மேல ஒருத்தி வந்தாலும் அறை கட்டியே ஆகணும்னு, ஊஞ்சல்ல உக்காந்துண்டு நீங்கதானே விளக்கமாச் சொன்னேள்? மறுநாள் கார்த்தாலதானே, ஆத்துல பொழுது போகலேன்னு நான் வேலை கேட்டேன்!"