ஈரச் சுவர்

“சார், அந்தச் சுவர்ல மட்டும் சாஞ்சிடாதீங்க. சட்டை நனைஞ்சிடும்!”

வீட்டை விலைக்கு வாங்கும் எண்ணத்தில் பார்க்க வந்தவர் பதறிப்போய் விலகினார். சுவரில் ஆளுயரத்துக்கு ஈரம்.

“மழைன்னா இன்னும் விசேஷம் சார். உள்ளேயே குடை பிடிச்சுக்கிட்டுதான் சாப்பிடுவோம்” என்றார் நிபுணர்.

அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அவர். செல்போன் கடையில் வேலை. ஏதோ ஓட்டலில் நடந்த ரியல் எஸ்டேட் வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து தெருவே அவரை ‘நிபுணர்’ என்றுதான் கூப்பிட்டது. அதில் கிண்டல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வந்தவர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடினார். நிபுணர் கதவைச் சாத்திவிட்டு, குவளையில் தண்ணீர் எடுத்து வந்து சுவரை மறுபடி குளிப்பாட்டத் தொடங்கினார்.

“இந்தப் பக்கம் காய்ஞ்சுபோச்சு பாருங்க” என்றாள் தையல் மெஷினில் இருந்த மனைவி. வாய் நிறைய குண்டூசி.

“ஆங்! இப்பதான் உனக்கு பிசினஸ் புரியுது. வர்றவனையெல்லாம் விரட்டணும். வீட்டுக்காரர் வெறுத்துப்போய் அடிமாட்டு விலைக்கு இறங்குவார். அப்ப நாம தூக்கிடணும்.”

“எதை வச்சுத் தூக்குறது?”

“கைக்காசு ஒரு பைசா போடாம வாங்குறதுதான்டி டெக்னிக். அதை அடுத்த வகுப்புல சொல்லித் தருவாங்க. அதுக்குத் தனி ஃபீஸ்.”

“அதுக்குள்ள வேற யாராவது வாங்கி நம்மளக் காலி பண்ணச் சொன்னா? என் கஸ்டமர் எல்லாரும் இந்தத் தெருதான். வேற இடத்துல போய் நான் யாருக்குத் தைக்கிறது?” அவள் பயம் நிஜமானது.

“எவன் வாங்குவான்? நான் எதுக்கு இருக்கேன்? வாங்கினதும் மாடி ரூமை வாடகைக்கு விடுறோம். முதல் மாசமே வாடகையை ஏத்துறோம். குடியிருக்கிறவன்கிட்ட சென்டிமென்டே பார்க்கக் கூடாது. மனசுல வச்சுக்கோ.”

“ம்” என்று அவள் பெடலை மிதித்தாள்.

அதன் பிறகு வந்தவர்களும் வந்த வழியே ஓடினார்கள். சுவரில் பாசியே பிடித்துவிட்டது. நிபுணர் குவளையும் கையுமாக இருந்த ஒரு மாலையில் வீட்டுக்காரர் வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“வித்துட்டேன் தம்பி. கேட்ட விலைக்கே கொடுத்துத் தொலைச்சேன். இன்னிக்குப் பத்திரப்பதிவும் முடிஞ்சுது.”

நிபுணர் குவளையோடு ஓடி வந்தார். “யாருக்கு சார்? எந்த மடையன் இதைப் போய் வாங்கினான்?”

வீட்டுக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு தையல் மெஷின் பக்கம் திரும்பி, “வரேன்மா. சாவியெல்லாம் உங்ககிட்டயேதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி வாயிலிருந்த ஊசிகளை எடுத்து வைத்தாள்.

“என் தையல் காசும் பேங்க் லோனும். நீங்க சொன்ன மாதிரியே உங்க கைக்காசு ஒரு பைசா போடல.”

“அடி சக்கை!” நிபுணர் துள்ளிக் குதித்தார். “அப்ப நாம ஓனரா?”

“நாம இல்ல, நான். ஒண்ணாம் தேதியிலேர்ந்து உங்களுக்கு வாடகை கூடுது. அப்புறம், அந்தக் குவளையைக் கீழ வைங்க. குடியிருக்கிறவங்க என் சுவத்தை நனைக்கக் கூடாது.”