சாக்ஸுக்குள் ஒரு பாட்டில்

அலமாரித் தட்டில், கணவனின் கம்பளி சாக்ஸுக்குள் அந்தச் சின்ன பாட்டில் கதகதப்பாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் சந்தே திரண்டு நின்றது.

"எடும்மா. இன்னும் தாலாட்டு பாடணுமா அதுக்கு?" என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி.

மருமகளுக்குக் கை எழவில்லை.

சந்துக்கு இருப்பது ஒரே அடிபம்பு. அதன் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, ஓரிரு நாள் கதகதப்பாக வைக்க வேண்டும். மலக்கிருமி இருந்தால், உள்ளே இருக்கும் மருந்துத்தாள் தண்ணீரைக் கறுப்பாக்கிவிடும்.

முன்பு வைத்தபோதெல்லாம் மையாகக் கறுத்தது.

கறுத்ததும் எல்லார் கண்ணும் பின்வரிசைப் பக்கம் போனது. வாடகை அறைகள், பிழைக்க வந்தவர்கள். அவர்கள் கை பட்டுத்தான் தண்ணீர் கெட்டது என்று பேச்சு. மற்றவர்கள் பிடித்து முடித்த பிறகே அவர்கள் குடம் பம்படிக்கு வர வேண்டும் என்றானது.

வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்ததில் அவர்கள் பிள்ளைகளும் உண்டு. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மருமகள் மட்டும் சொன்னாள்: கை இல்லை, குழி. பம்பை ஒட்டி, சிமெண்ட் பூசாமல் வெறும் மண்ணில் தோண்டிய கழிவறைக் குழி.

எல்லாருக்கும் தெரிந்த குழிதான். பின்பக்கம் முழுக்க வாடகை அறை கட்டிவிட்டு, மிச்சமிருக்கும் முன்பக்கத்தில் குழி வெட்டுவது இங்கே பழக்கம். சொந்தக் கழிவறை இருந்தால் கௌரவம். அதன் குழியைப் பற்றி வாயைத் திறந்தால் சண்டை.

வாயில்லாப் பூச்சி என்று பேரெடுத்தவள் வாயைத் திறந்தாள். சண்டையும் நடந்தது. கடைசியில் குழியை உறிஞ்சியெடுத்து, மண் கொட்டி மூடினார்கள். ஒரு மழைக்காலம் வந்து போனது.

குழி மூடிய நாளிலிருந்து மாமியார் அவளோடு பேசுவதில்லை. தட்டு, டம்ளர்தான் பேசின, அதுவும் ணங் ணங்கென்று. இன்றும் கூட்டத்தில் அவரைக் காணோம்.

பாட்டில் கறுத்திருந்தால் அவள் சொன்னது பொய். பின்வரிசை மறுபடியும் கடைசி.

கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸை உருவினாள்.

 

மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

வைத்தபோது மருந்துத்தாளால் வந்த அதே வெளிர்மஞ்சள். பாட்டிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரியின் கழுத்தில் தொங்கிய அளவு நாடா தெரிந்தது. அதன் எண்களைக்கூடப் படிக்க முடிந்தது.

அப்புறம் சந்து போட்ட சத்தத்தில் ஓட்டின் மேல் இருந்த காக்கைகள் பறந்தன. பாட்டில் கைமாறிக் கைமாறித் தெருமுனை வரை ஊர்வலம் போனது.

தையல்காரி நேராகப் பம்படிக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். பின்வரிசைக்காரி ஒருத்தியைப் பார்த்து, "குடத்தை வை அக்கா. நான் அடிக்கிறேன்," என்றாள்.

தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் கேட்ட பிறகுதான், காலையிலிருந்து தான் அடக்கிவைத்திருப்பது மருமகளுக்கு நினைவு வந்தது.

வாளியை எடுத்துக்கொண்டு சந்தின் கோடிக்கு ஓடினாள். பொதுக் கழிவறை. கீழே கெட்டியான சிமெண்ட் தொட்டி. நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். வரிசைதான் எப்போதும் நீளம்.

வரிசையின் முன்பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார்.

சந்திலேயே முதலில் சொந்தக் கழிவறை கட்டியவர். பெண் வீட்டார் வந்தபோது, கூடத்தில் உட்காரச் சொல்வதற்கு முன்பே அதைத்தான் திறந்து காட்டினார். பூப்போட்ட அந்த டைல்ஸ் அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது.

"சத்தம் கேட்டுச்சு," என்றார் மாமியார், வேறெங்கோ பார்த்தபடி. "கறுக்கலையா?"

"கறுக்கலை அத்தை."

மாமியார் தன் வாளியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். பின்னால் முணுமுணுத்தவளிடம் திரும்பினார்.

"என் மருமக. இவளுக்கும் சேர்த்துத்தான் இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."