கிட்டப் போகும் லென்ஸ்

கேமரா கடையின் கண்ணாடி மேசைமேல் மதிய வெயில் சாய்ந்து கிடக்கிறது. தங்கை தன் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் தீப்பெட்டி உயரமே உள்ள லென்ஸைப் பொருத்துகிறாள். "இதுல ஜூம் கிடையாதும்மா, நீங்கதான் கிட்டப் போகணும்," என்கிறார் கடைக்காரர். சிகிச்சையில் முடி கொட்டியதிலிருந்து, பெரிய லென்ஸைக் கண்டாலே அக்கா முகத்தை மூடிக்கொள்கிறாள். அதையே சாக்காக வைத்துத் தங்கையும் தள்ளியே நின்றுவிட்டாள். நாற்காலியில் இருக்கும் அக்கா தலைத்துணியைச் சரிசெய்கிறாள். "பரவாயில்லையே, பீரங்கி போய் பட்டாணி வந்திருக்கு." கை முகத்துக்குப் போகவில்லை. தங்கை கேமராவில் கண்ணை வைக்கிறாள். அலமாரி, சுவர், நாற்காலி எல்லாம் தெரிகின்றன. அக்கா எங்கோ சிறியதாக இருக்கிறாள். தங்கை ஓரடி முன்னால் வைத்து நிற்கிறாள். "என்னடி, பயமா இருக்கா? வா." இன்னும் ஓரடி வைக்கிறாள். இமையில் ஒரு முடிகூட இல்லாத அந்தக் கண்களை இப்போதுதான் பார்க்கிறாள். "இதையே கொடுங்க," என்கிறாள், கேமராவை இறக்காமல்.