முட்டை சுமந்தவன்

“மாத்துங்க சார் அந்தம்மாவை. வேற ஆள் வந்து பேசட்டும்.”

குரல் கொடுத்துவிட்டுப் போனவரை மாற்றச் சொல்லி வசனம் எழுதுகிறவர்கள் கேட்கவே கூடாது. அந்த டப்பிங் தியேட்டரில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அஞ்சுகம் கேட்டுவிட்டாள். டிவியில் வரவிருந்த பெங்குவின் படத்துக்குத் தமிழில் எழுதியவள் அவள்தான். திரையில், பனிப்புயலுக்கு முதுகைக் காட்டி நின்றது ஒரு பெங்குவின். பாதங்களின் மேல் முட்டை. அதை வயிற்று மடிப்பால் மூடியிருந்தது. மாதக்கணக்கில் பட்டினி. “கண்ணே, அம்மா இருக்கேன்டா” என்று விம்மியது ஒரு பெண்குரல்.

“அது ஆம்பளை சார். பொம்பளை இரை தேடக் கடலுக்குப் போயிருக்கு. நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.”

தயாரிப்பாளர் மனோகரன் சிரித்தார். “அப்பன் அடைகாக்குறான்னா ஜனம் சிரிக்கும்மா. அம்மான்னாதான் அழும். பெங்குவின் வந்து கேஸ் போடப் போகுதா?”

சிரிக்கும் என்பது அவளுக்கும் தெரியும். அம்மா குவைத்தில் வீட்டுவேலை பார்த்த வருஷமெல்லாம் அப்பாதான் அவளுக்குச் சோறு பொங்கி, தலை பின்னிவிட்டார். தெரு அவரைப் பொட்டச்சி என்றது. அதே தெருவைத்தான் ஞாயிற்றுக்கிழமை டிவியில் மகள் பேரைப் பார்க்க அவர் வரச்சொல்லியிருந்தார்.

“அப்ப என் பேரை எடுத்துடுங்க.”

“உங்க வம்சத்துலயே யாரு பேராவது திரையில வந்திருக்கா? நாளைக்கு யோசிச்சுட்டு வா.”

“யோசிச்சுட்டுத்தான் சார் சொல்றேன்.”

பையைத் தோளில் மாட்டினாள். ஏசி குளிர் போய்விடுமென்று யாரும் திறந்து வைக்காத அந்தக் கனத்த கதவை விரியத் திறந்து, அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.