ஒரு நாள் இடைவெளி

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு மரகதவல்லி சம்பள உயர்வு கேட்டு ஏஜென்சி மேலாளர் டேவிட்டின் எதிரில் உட்கார்ந்தாள். மருத்துவமனை விசாரணைப் பிரிவில் அந்த ஏஜென்சி அமர்த்திய தற்காலிக ஊழியராக அவளுக்கு இது பத்தாவது வருடம்.

"உயர்வு போட்டாச்சும்மா, உங்க நகலுக்கு."

அவள் குரலில் பேசும் கணினி நகல் அது. அவளுக்குப் பக்கத்து மேசையிலிருந்து அவளைப் போலவே அழைப்புகளுக்குப் பதில் சொல்லும்.

"அதுக்கு எதுக்கு சார் பணம்? சோறா தின்னுது?"

"ஊழியர் பட்டியல்ல இருக்கே. அஞ்சு வருஷம் விடாம வேலை பார்த்திருந்தாதான் உயர்வு. உங்களைப் பதினோரு மாசத்துக்கு ஒருமுறை ஒரு நாள் நிறுத்தி, மறுநாள் புதுசா சேர்க்கிறோம். அந்த நாள்ல உங்க வேலையையும் அதுதான் பார்க்குது. அதுக்கு இடைவெளியே கிடையாது."

அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நகல் யாரிடமோ பேசிச் சிரித்தது. அவளுடைய சிரிப்புதான். அவள் அப்படிச் சிரித்து வருடங்கள் ஆகிவிட்டன. கொண்டுவந்த மனுவை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எனக்கு உயர்வு வேண்டாம் சார். அதையும் ஒரே ஒரு நாள் நிறுத்திட்டு, மறுநாள் புதுசா சேர்த்துக்குவீங்களா?"